வாசனை இல்லாத டிரம்

என் தங்கை கிளியம்மாள் ஜெயித்தவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால் எதையாவது விட்டுவிடுவேன்.

இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள், மூன்றாவது முறை குழந்தையோடு வந்தாள். எங்கள் தெருவில் இருந்த பதினேழு நீல டிரம்களில் பதினான்கு, அவளால் சமையல் பக்கத்தை விட்டு வெளியே போயின. மீதி மூன்று எந்தெந்த வீடு என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. இருபத்தெட்டுப் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லாமல் காலைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள். மாமியார் காமாட்சியம்மாளை நாலு பேர் நடுவில் தன் பக்கம் பேச வைத்தாள். இதைத்தான் பெரிய வெற்றி என்று சொல்வேன். கடைசியாக ஒரு கையெழுத்து.

கிளியம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் எட்டாவது வரை படித்தேன். நான் பள்ளிக்குப் போன நாட்களில் மாட்டைப் பார்த்துக்கொண்டது அவள்தான். எங்களுக்குள் நாலு வயது வித்தியாசம்.

2006-இல் வல்லம் வடகால் பக்கம் எங்கள் குடும்பக் கழனி தொழிற்பேட்டைக்குப் போனது. பத்திரத்தில் நான் மஹாலட்சுமி என்று கையெழுத்துப் போட்டேன். அவள் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். அடுத்த வருடம் எங்கள் தெருவிலேயே வசந்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். வசந்துக்கு ஒரு கம்பெனியில் லாரி ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் வேலை. கிளியம்மாள் தெற்கத்திப் பெண்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தாள். திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, எங்கள் ஊரில் ரூமெடுத்துத் தங்கி, முதல் ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஏறும் பெண்கள். இட்லியை ஒரு கவரிலும் கொதிக்கக் கொதிக்க சாம்பாரை இன்னொரு கவரிலும் ஊற்றி, நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுப்பாள். பஸ் குலுங்கினாலும் அவள் கட்டிய முடிச்சு அவிழாது.

கழனியோடு கிணறும் போய்விட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை டேங்கர் லாரி வரும். தண்ணீரைப் பிடித்து வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். ஒரகடம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில், கம்பெனிகள் கழித்துப்போட்ட நீல டிரம்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அதை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்போம். பெயிண்ட் வாடை அடித்தால் வேண்டாம். ஆசிட் நெடி ஏறினால் வேண்டாம். எந்த வாசனையும் இல்லாத டிரம் நல்ல டிரம். அதற்குத்தான் போட்டி. கடைக்காரரே அதைத் தனியாக எடுத்து வைத்து, "இது சுத்தமான சரக்கும்மா" என்பார்.

கிளியம்மாள் வீட்டுக்கு டிரம்மைப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான். பன்னிரண்டு டிரம்மை மோந்து பார்த்து ஒன்றை எடுத்தேன். கூடவே அதே போலச் சின்னதாக ஒரு கேன். சோப்பு, புளி, சாம்பல் என்று மாற்றி மாற்றி ஏழு முறை தேய்த்து, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். பெரியதில் தண்ணீர். சின்னதில் மாங்காய் ஊறுகாய்.

2009-இல் நாலாம் மாதத்தில் முதல் கரு கலைந்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். அவளும் தினம் கொதிக்க வைத்தாள். கொதித்த தண்ணீரைச் சூட்டோடு அந்தச் சுத்தமான டிரம்மில் ஊற்றி மூடி வைத்தாள். 2011-இல் இரண்டாவது, ஐந்தாம் மாதம். இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பெருவிரல் வைத்துவிட்டு வந்தாள். அந்த மை இரண்டு நாள் போகாது. விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

2012 ஜூனில் மூன்றாவது கரு தங்கியது. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் வசந்துக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். காமாட்சியம்மாள் நூல் மந்திரித்துக் கட்டினார். மூன்றாம் மாதம் பிறந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊறுகாய் மட்டும் இறங்கியது. கேனில் கையை விட்டு எடுத்து எடுத்துத் தின்றாள்.

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கு வார லீவு. பூமாரி என்ற பெண் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், ஊறுகாய் கேட்டுச் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டாள். இருபத்தொரு வயது, சங்கரன்கோவில் பக்கம். வயர் செய்யும் கம்பெனியில் வேலை. நான் அப்போது அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேனைப் பார்த்தவள், குனிந்து அதன் அடிப்பக்கத்தில் பாதி கிழிந்திருந்த மஞ்சள் காகிதத்தையும் பார்த்தாள். பிறகு பெரிய டிரம்மையும் பார்த்தாள்.

"எக்கா, இது உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"எங்க அக்கா பொறுக்கிக் குடுத்தா. மோந்து பாரேன், ஒரு வாசன கீதா? தெருவுலயே இதான் ஒசத்தி" என்றாள் கிளியம்மாள், எனக்காகப் பெருமையோடு.

பூமாரி மோந்து பார்க்கவில்லை. "வாசன வராதுக்கா. எங்க கம்பெனிக்கு வாரதுதான் இது. வயருக்கு மேல உறை போடுதோம்லா, அந்தப் பிளாஸ்டிக்கு வெடிக்காம வளைஞ்சு குடுக்கணும்லா, அதுக்கு ஒரு எண்ணெய் ஊத்துவாவ. அது வார டிரம்மு."

"எண்ணெய் தான? அப்ப இன்னா?"

"திங்குத எண்ணெய் இல்லக்கா. கலக்குத ரூம் கதவுல ஒரு படம் ஒட்டிருக்காவ. வயித்துப்பிள்ளக்காரி படம், மேல செவப்புக் கோடு. எங்க லைன்ல கனகலட்சுமி முழுகாம இருக்கான்னு சொன்ன அன்னைக்கே அவள பேக்கிங்குக்கு மாத்திட்டாவ. அந்தப் பக்கம் நடக்கவே விடலியே."

பூமாரிக்கு இவள் விஷயம் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள். கிளியம்மாள் கையில் எடுத்த மாங்காய்த் துண்டை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"கம்பெனி கேட்டுக்கு உள்ள உன் ஃபிரண்ட அதும் பக்கத்துலயே விடல. கேட்டுக்கு வெளில நான் அதுலயே மொண்டு குடிச்சிகினு கீறேன்" என்றாள்.

அப்போதுதான் பூமாரிக்குப் புரிந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, "நீ அழுவாத, நான்தான் அழுவணும். போய் சாப்புடு, அப்பளம் ஆறிப்போவுது" என்று தங்கைதான் அவளைத் தேற்றி அனுப்பினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் நானும் அவளும் நர்ஸம்மாவிடம் போனோம். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"இதனாலதான் அந்த ரெண்டும் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது" என்றார். "ஆனா அந்த மாதிரி எண்ணெய் உடம்புல போனா, நமக்கு உள்ளேயே சுரக்குற ஹார்மோன் இருக்கு பாரு, அதோட வேலையில குறுக்க போய் நிக்கும்னு சொல்றாங்க. பிள்ளை வளர்றதே அந்த ஹார்மோன் சொல்ற கணக்குல. அதனால வயித்துல இருக்கும்போது வேணாம். டிரம் மட்டும் இல்ல. எந்தப் பிளாஸ்டிக்கா இருந்தாலும் மூணு விஷயம் ஆகாது. சூடு, புளிப்பு, எண்ணெய். இது பட்டா பிளாஸ்டிக்ல இருக்குறது சாப்பாட்டுல இறங்கும்."

"கொதிக்கிற தண்ணிய ஊத்தினேன்" என்றாள் கிளியம்மாள்.

"தண்ணிய கொதிக்க வைக்கச் சொன்னேன். எதுல ஊத்தணும்னு நான் சொல்லல" என்றார் நர்ஸம்மா.

அன்று மாலையே டிரம்மைக் காலி செய்தாள். காமாட்சியம்மாள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"லாரி நாளன்னிக்குத்தான் வரும். அத்தினி தண்ணியும் கீழ ஊத்திட்டு நாக்க நீட்டிகினு குந்தப் போறியா? உலகத்துல நீ ஒருத்திதான் மாசமா கீறியா?"

"இல்ல அத்தை. மூணாவது வாட்டி மாசமா கீறேன்."

காமாட்சியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, முனகிக்கொண்டே உள்ளே போனார். வசந்த், எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்துக் கழுநீர்த் தொட்டியைப் புரட்டிக்கொண்டு வந்தான். கழனி கைவிட்டுப் போன வருடத்திலேயே மாடுகளை விற்றாயிற்று. சிமெண்ட் தொட்டி சும்மா கிடந்தது. இரண்டு பேரும் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தார்கள். குடிக்கிற தண்ணீருக்குப் பித்தளைக் குடம் இரண்டு. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி.

டிரம்மை இரும்புக் கடையிலேயே திருப்பிப் போட்டுவிடலாம் என்றான் வசந்த்.

"போட்டா? இன்னொருத்தி வந்து மோந்து பாப்பா" என்றாள்.

கடப்பாரையை வாங்கி அவனையே அதை இரண்டாகப் பிளக்க வைத்தாள். அது இப்போதும் எங்கள் வீட்டுப் பின்னால் விறகு நனையாமல் மூடிக் கிடக்கிறது.

அவள் அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மூன்றாம் நாள் காலை, சாம்பாரைக் கவரில் ஊற்றும்போது கரண்டியை நிறுத்தினாள். சூடு, புளிப்பு, எண்ணெய். மூன்றும் அந்தக் கவருக்குள் இருந்தன.

"அக்கா, என் வயித்துக்கு ஆவாதுன்னா இதுங்க வயித்துக்கு மட்டும் ஆவுமா? நாளைக்கு இதுங்களும் கண்ணாலம் கட்டி பிள்ள பெக்கணும் இல்ல?"

ஸ்ரீபெரும்புதூரில் தேர் நிற்கும் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை. முப்பது எவர்சில்வர் டப்பாக்களை எடுத்தோம். மேல் தட்டில் இட்லி, கீழ்த் தட்டில் சாம்பார், மூடிக்குக் கொக்கி. கம்பெனியில் ஒருத்தி டப்பா இன்னொருத்தியிடம் போய்விடும், அதனால் பெயர் வெட்டச் சொன்னாள். பெயர் வெட்டுகிறவர் மெஷினை எடுத்து, "பேரு இன்னாம்மா?" என்றார். வசந்தின் பெயரையா, அவள் பெயரையா என்று கேட்டேன்.

"சமைக்கிறது அவரா?" என்றாள்.

முப்பது மூடியிலும் கிளியம்மாள் என்று புள்ளி புள்ளியாக விழுந்தது. அந்த மனிதர் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்திலேயே குனிந்து நின்று பார்த்தாள். முதல் டப்பா முடிந்ததும் எது 'கி', எது 'ளி' என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

பெண்களுக்கு டப்பா பிடிக்கவில்லை. கவர் என்றால் தின்றுவிட்டு எறிந்துவிடலாம். டப்பாவைக் கழுவ வேண்டும், நினைவாகத் திருப்பிக்கொண்டு வர வேண்டும்.

"எக்கா, பஸ்ஸு திரும்புத எடத்துலல்லாம் உருண்டு டிரைவர் கால்ல போய் நிக்கி. அவரு பேரப் படிச்சிட்டு, யாரும்மா கிளியம்மாள்னு கேக்காரு" என்றாள் ஒருத்தி.

"அவருக்கும் ஒரு டப்பா வேணுமான்னு கேளு" என்றாள் தங்கை.

ஒன்பது பெண்கள் நின்றுவிட்டார்கள். வேறு இடத்தில் கவரில் வாங்கிக்கொண்டார்கள். அவள் கவலைப்பட்டாள், ஆனால் கவரை எடுக்கவில்லை. பூமாரி மட்டும் பஸ்ஸில் அந்தக் கதவுப் படத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனாள். கார்த்திகைக்குள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். மாலையில் டப்பாக்கள் வந்து குவியும். அவள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வயிறு தட்டாமல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு மூடியையும் தேய்ப்பாள். தேய்த்துத் துடைத்த பிறகு பெயரின் மேல் விரலை ஓட்டுவாள். அழுக்கு நிற்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

நாலாம் மாதம் கடந்தது. ஐந்தாம் மாதம் கடந்தது. ஐந்து முடிந்த அன்று காமாட்சியம்மாள் யாருக்கும் தெரியாமல் இராமாநுஜர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். நெற்றியில் இருந்த திருமண்ணைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வளைகாப்பு. எங்கள் வழக்கத்தில் உறவுக்காரப் பெண்கள் ஏழு வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு கொண்டு வர வேண்டும். மாசமாக இருப்பவள் எல்லாவற்றிலும் ஒரு கை தின்ன வேண்டும். ஒன்றை விட்டால் கொண்டு வந்தவளுக்கு அவமானம், குழந்தைக்கும் ஆகாது என்பார்கள். இப்போதெல்லாம் எல்லோரும் கவரிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும்தான் கொண்டு வருகிறார்கள். இதை யோசித்து, முதல் நாள் மாலையே ஏழு வீட்டுக்கும் தன் டப்பாக்களை என்னிடம் கொடுத்தனுப்பினாள். "சோறு இதுல போட்டுகினு வாங்க, உங்க பேருக்கு பதிலா என் பேரு இருக்கும், கோச்சுக்காதீங்க" என்று சொல்லச் சொன்னாள்.

ஆறு பேர் டப்பாவில் கொண்டு வந்தார்கள். ஏழாவது, காமாட்சியம்மாளின் அக்கா செல்லம்மாள். அவர் டப்பாவைத் தொடவே இல்லை. ஆவி பறக்கும் புளியோதரையை ஒரு பெரிய கவரில் அடைத்து, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வந்தார். கவரின் உட்பக்கம் முழுவதும் நல்லெண்ணெய் வழிந்தது.

"துன்னுடி" என்று ஒரு கை எடுத்து நீட்டினார்.

கிளியம்மாள் இரண்டு கைகளிலும் வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். "பெரியத்தை, கோச்சுக்காத. கவருல சூடா வந்தது எனக்கு வேணாம்."

"இன்னாடி, என் கைச் சோறு வெஷமா?"

"உன் கை தேனு பெரியத்தை. கவருதான் வேணாம்."

"நான் ஏழு பெத்தவ. எனக்கு எவ டப்பா குடுத்தா? ரெண்டு போனதுக்கு உன் உடம்புல கோளாறு வெச்சிகினு கவரு மேல பழி போடறியா?"

என் தங்கை தலை குனிந்தாள். ஆனால் அந்தச் சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. ஒரு கை சோறு, தின்றால் சண்டை முடிந்துவிடும். தின்னச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. அப்போது காமாட்சியம்மாள் எழுந்து வந்தார். ஆகஸ்டிலிருந்து அன்றுவரை டப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்.

"அக்கா, அந்த ரெண்டையும் துணியில சுத்திக் குடுத்தாங்க. யாரு கையில குடுத்தாங்க தெரியுமா? என் கையில. கவருதான் காரணமா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியலியாம். மூணாவதையும் அப்பிடி வாங்க என் கைக்கு தெம்பு இல்ல. நீ அந்தக் கவர எட்த்துகினு போ. அடுப்புல மிச்சம் கீதா?"

செல்லம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தோம். நலங்கு நின்றுவிட்டது. ஐம்பது நிமிடம் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லம்மாள் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார், தலையில் பித்தளை உருளியோடு.

"இந்தா, புதுசா கிண்டினேன். உன் டப்பா இத்துனூண்டு, எங்க வூட்டு புளிசோறு அதுல அடங்காது" என்றார்.

கிளியம்மாள் மூன்று கை தின்றாள். மூன்றாவது கைக்கு அழுதாள். அடுத்த வாரம், கிளியம்மாள் வீட்டுக்கு அடுத்தபடியாக, செல்லம்மாள் வீட்டு டிரம்தான் தெருவில் வெளியே வந்தது. பிறகு மற்றவை.

மார்ச் 11 திங்கட்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். டிரம்மை மாற்றியதால்தான் பிழைத்தது என்று நான் எழுதவில்லை. நர்ஸம்மா சொன்னதைத்தான் நானும் சொல்வேன், யாருக்கும் தெரியாது. அவள் தன்னால் முடிந்ததை ஒன்றுவிடாமல் செய்தாள், குழந்தை வந்தது. இவை இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரிக்காரர் பதிவேட்டைத் திருப்பி வைத்து, பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டு, "கைநாட்டுதானேம்மா?" என்று மை டப்பாவைத் திறந்தார். நானும் வழக்கம்போல அவள் இடது கையைப் பிடித்துக் கொடுக்கப் போனேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அந்த மை வேணாம். ரெண்டு வாட்டி வெச்சேன். பேனா குடுங்க" என்றாள்.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். பேனாவைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, தாளில் புள்ளி புள்ளியாகக் குத்த ஆரம்பித்தாள். ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொரு புள்ளி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, கோலம் போடறியா?" என்றார் அவர்.

அவள் அடுத்த புள்ளியைக் குத்தினாள். பேர் வெட்டுகிற மெஷின் வெட்டியது போலவே, கொஞ்சமும் பிசகாமல், கிளியம்மாள் என்று வந்து நின்றது. எண்ணிப் பார்த்தேன், எந்த எழுத்தும் விடுபடவில்லை. பக்கத்துக் கட்டத்தில் தேதியை அந்த மனிதர் எழுதினார்.

14.3.2013.